கும்பகோணத்தில் ஒரு ஞாயிறு மாலை வகுப்பு: அண்டை நாடுகளின் மக்களாட்சி குறித்த எட்டு வாரப் பாடம் – ஒரு மதிப்புரை

கும்பகோணத்தில் ஒரு தனியார் படிப்பகம் நடத்தும் ஞாயிறு மாலை வகுப்புகளில், "அண்டை நாடுகளில் மக்களாட்சியும் எதேச்சாதிகாரமும்" என்ற எட்டு வாரப் பாடத்தை அண்மையில் முழுமையாகக் கேட்டு முடித்தேன். சேரலாமா, கொடுக்கும் பணத்துக்குத் தகுமா என்று திருவாரூரிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் சிலர் கேட்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். போட்டித்தேர்வுப் பயிற்சி மையங்களுக்கு நம் பகுதியில் பஞ்சமில்லை. ஆனால் அங்கே நேபாளம் என்றால் தலைநகரம், நாணயம், நாடாளுமன்றத்தின் பெயர் என்ற மூன்று விவரங்களோடு பாடம் முடிந்துவிடும். அந்த நாட்டு மக்கள் ஏன் ஓர் அரசரை இறக்கினார்கள், இறக்கிய பிறகும் ஏன் நிலையான ஆட்சியை அடையவில்லை என்று நின்று பேசுவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே இந்தப் படிப்பகத்தின் முதல் சிறப்பு.

கட்டணம் 1,500 ரூபாய், மாணவர்களுக்குப் பாதி. மாலை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிகிறது. நடுவில் காபி கொடுக்கிறார்கள். மாடியில் நீளமான ஒரே அறை, மடக்கு நாற்காலிகள், ஒரு வெள்ளைப்பலகை, சுவரில் தெற்காசியாவின் பெரிய வரைபடம். பாடம் எடுப்பவர்கள் இருவர்: அரசுக் கல்லூரியில் அரசியல் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர், அரசமைப்புச் சட்டத்தில் ஈடுபாடு கொண்ட இளம் வழக்கறிஞர் ஒருவர். கேட்க வந்தவர்களில் குரூப் ஒன் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் பாதிப் பேர் இருந்தார்கள் என்றால், மீதிப் பேர் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கூட்டுறவு வங்கி ஊழியர்கள், மகளிர் குழுத் தலைவிகள், நாகப்பட்டினத்திலிருந்து பேருந்து பிடித்து வந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர் என்று கலவையாக அமைந்தார்கள். அந்தக் கலவைதான் வகுப்புக்கு உயிர் கொடுத்தது என்று நினைக்கிறேன்.

பாடத்தின் அணுகுமுறையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வகுப்பின் பெறுமதி முழுவதும் அதில்தான் இருக்கிறது. பேராசிரியர் முதல் நாளே, "தம்பி, தலைவரோட முகத்தைப் பார்த்து ஒரு நாட்டை எடை போடாதீங்க, தேர்தல் தேதியைப் பாருங்க, சட்டத்திருத்தத்தைப் பாருங்க" என்றார். கையில் கொடுத்த குறிப்பேட்டில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, தேர்தல் எந்த ஆண்டு நடக்க வேண்டியிருந்தது, எந்த ஆண்டு நடந்தது, பதவிக்கால வரம்பு எப்போது மாற்றப்பட்டது, அதை நீதிமன்றம் தடுத்ததா ஏற்றதா என்ற விவரங்களை மட்டும் வரிசையாக அச்சிட்டிருந்தார்கள். பீரங்கி வண்டிகள் தலைநகருக்குள் நுழைவதை எல்லோரும் பார்த்துவிடுவார்கள். வரம்பில் நண்டு வளை வைப்பதைப் போல ஒரு சட்டப்பிரிவில் சத்தமில்லாமல் ஓட்டை விழுவதை யாரும் பார்ப்பதில்லை என்று அவர் சொன்னது டெல்டாக்காரர்களான எங்கள் எல்லோருக்கும் உடனே புரிந்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டையும் குடவோலையையும் காட்டி, மக்களாட்சி நமக்குப் புதிதல்ல என்று பெருமை பேசி ஒரு மணி நேரத்தை ஓட்டும் வழக்கம் இங்கே இல்லை. அதற்காகவே இரண்டு ஆசிரியர்களுக்கும் என் நன்றி உரியது.

எட்டு வாரங்களில் இரண்டை இலங்கைக்குக் கொடுத்திருந்தார்கள். நமக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள நெருக்கத்தை நினைத்தால் அது குறைவு என்றே தோன்றும். ஆனால் அந்த இரண்டு வாரங்களும் செறிவாக இருந்தன. ஆங்கிலேயர் காலத்து டொனமூர் அரசியலமைப்பின் வழியாக 1931-ஆம் ஆண்டிலேயே ஆண், பெண் இருபாலருக்கும் வாக்குரிமை கிடைத்த நாடு அது. இந்தியாவில் வயதுவந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல் அதற்கு இருபது ஆண்டுகள் கழித்தே நடந்தது. அவ்வளவு முன்னால் தொடங்கிய நாடு எங்கே வழி தவறியது என்பதைக் காட்ட, வழக்கறிஞர் 1977-ஆம் ஆண்டிலிருந்து தொடங்கினார். அந்த ஆண்டுத் தேர்தலில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140-ஐ வென்றது. அந்த அசுரப் பெரும்பான்மையைக் கொண்டு 1978-இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறை வந்தது; 1979-இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது; 1980-இல் முன்னாள் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகள் ஏழு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டன. 1982 டிசம்பரில், பொதுத்தேர்தல் நடத்துவதற்குப் பதிலாக ஒரு மக்கள் வாக்கெடுப்பை நடத்தி, இருக்கும் நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டிக்கொண்டார்கள். இவற்றில் எதுவும் இராணுவப் புரட்சி இல்லை. ஒவ்வொன்றும் வாக்கெடுப்பின் மூலம், சட்டத்தின் மூலம் நடந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் தமிழர்களுக்கு நேர்ந்த கொடுமையை நாம் தனியாக நினைவுகூர்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அரசைக் கேள்வி கேட்கும் வழிகள் ஒவ்வொன்றாக எப்படி அடைக்கப்பட்டன என்பதை அதோடு சேர்த்துப் பார்த்தபோதுதான் எனக்கு முழுப் படமும் தெரிந்தது.

அங்கிருந்து பாடம் திருத்தங்களின் வழியே நகர்ந்தது. 2001-இன் 17-ஆவது திருத்தம் சுயேச்சையான ஆணைக்குழுக்களைக் கொண்டுவந்தது. போர் முடிந்து ஓராண்டு கழித்து, 2010-இல் 18-ஆவது திருத்தம் அவற்றைப் பலவீனப்படுத்தி, ஒருவர் இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக இருக்கக் கூடாது என்ற வரம்பையும் நீக்கியது. 2015-இல் 19-ஆவது திருத்தம் அந்த வரம்பை மீட்டது. 2020-இல் 20-ஆவது திருத்தம் மீண்டும் அதிகாரத்தைக் குவித்தது. 2022-இல் 21-ஆவது திருத்தம் அதை ஓரளவு தளர்த்தியது. இந்த ஊசலாட்டத்தைப் பலகையில் வரைந்து காட்டியபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, "ஐயா, அப்போ ஒரு திருத்தத்துக்கும் அடுத்த திருத்தத்துக்கும் நடுவுல யார் வந்தாலும் அவங்க இஷ்டமா?" என்று கேட்டாள். வழக்கறிஞர் உடனே பதில் சொல்லாமல் 2018 அக்டோபரை எடுத்துக்கொண்டார். அன்றைய ஜனாதிபதி மைத்ரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நீக்கி மகிந்த ராஜபக்சவை நியமித்தார். பிறகு நாடாளுமன்றத்தையே கலைத்தார். அந்தக் கலைப்பு அரசமைப்புக்கு எதிரானது என்று டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ரணில் பதவிக்குத் திரும்பினார். 19-ஆவது திருத்தம் நடைமுறையில் இருந்ததால்தான் அந்தத் தீர்ப்புக்கு இடம் இருந்தது என்று அவர் விளக்கிய விதத்தில், காகிதத்தில் இருக்கும் ஒரு பிரிவு எப்போது உயிர்பெறுகிறது என்பது பளிச்சென்று தெரிந்தது. பாடம் முழுவதிலும் இதுவே மிகச் சிறந்த அரை மணி நேரம்.

2022-இன் அரகலய போராட்டத்தையும், ஜூலை 9-ஆம் தேதி மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் நுழைந்ததையும், கோத்தாபய ராஜபக்ச மாலைதீவுக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் தப்பிச் சென்று பதவி விலகியதையும் விரிவாகச் சொல்லாமல் விட்டார்கள்; அவை எல்லோரும் பார்த்த காட்சிகள் என்பதால் எனக்கு அதில் குறை இல்லை. அதற்குப் பதிலாக 2024 தேர்தல்களுக்கு நேரம் கொடுத்தார்கள். செப்டம்பரில் நடந்த ஜனாதிபதித் தேர்தலில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக, வாக்காளர்கள் இரண்டாவது தேர்வாகக் குறித்திருந்த இரண்டாம் விருப்பு வாக்குகளும் எண்ணப்பட்டன. 42 விழுக்காட்டளவில் முதல் விருப்பு வாக்குகளைப் பெற்றிருந்த அநுர குமார திசாநாயக்க வென்றார். நவம்பரில் அவருடைய தேசிய மக்கள் சக்தி 225-இல் 159 இடங்களைப் பிடித்தது; யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு இடங்களில் மூன்றும் அதில் அடக்கம். மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்ட இந்தப் பெரும்பான்மையைப் பார்த்துப் பலர் மகிழ்ந்தபோது, பேராசிரியர் 1977-ஐ நினைவூட்டினார். மாகாண சபைகளின் பதவிக்காலம் 2019-க்குள் முடிந்துபோன பிறகும் அவற்றுக்குத் தேர்தல் நடத்தாமல் ஆளுநர்களைக் கொண்டே நிர்வாகம் நடப்பதை அவர் சுட்டிக்காட்டினார். தமிழர் பகுதிக்கு ஓரளவாவது அதிகாரம் தரும் ஒரே அமைப்பு மாகாண சபைதான் என்பதால், புதிய அரசின் மக்களாட்சிப் பற்றை அளக்க அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது என் கருத்தும்கூட.

நாகப்பட்டினத்துப் படகு உரிமையாளர் எழுந்து கேட்ட கேள்வியை இங்கே பதிவு செய்ய வேண்டும். "ஆட்சி மாறிச்சு, நல்ல ஆட்சின்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் சார் எங்க போட்டைப் புடிக்கிறது மட்டும் நிக்கல?" என்றார். அறை அமைதியானது. வேறு யாராக இருந்தாலும் கச்சத்தீவு, 1974, 1976 என்று பழகிய பாதையில் போய்விடுவார்கள். பேராசிரியர் அந்தப் பாதையில் போகவில்லை. "அண்ணே, நீங்க கேக்கிறது நியாயமான கேள்வி. ஆனா அந்த அரசுக்கு ஓட்டுப் போட்டவன் யாரு? மன்னார்லயும் யாழ்ப்பாணத்துலயும் உள்ள மீனவன். அவன் சின்ன வள்ளத்துல போறவன். நம்ம இழுவைமடி அவன் வலையை அறுத்துட்டுப் போகுதுன்னு அவன் அவங்க எம்.பி. கிட்ட போய் நிக்கிறான். மக்களாட்சி ஒழுங்கா நடந்தா அந்த எம்.பி. அவன் பேச்சைத்தான் கேக்கணும்" என்றார். இலங்கை 2017-இல் தன் கடற்பரப்பில் இழுவைமடித் தொழிலைத் தடை செய்ததும், 2018-இல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தைக் கடுமையாக உயர்த்தியதும் வடக்கின் தமிழ் மீனவர்களுடைய நெடுநாள் கோரிக்கையோடு பின்னியவை என்பதை அவர் எடுத்துச் சொன்னார். அண்டை நாட்டில் மக்களாட்சி வலுப்பெற்றால் அது நமக்கு விட்டுக்கொடுக்கும் என்ற நம்பிக்கை எனக்குள்ளும் கேள்வியின்றி இருந்து வந்தது. அந்த மாலையில் அது ஆட்டம் கண்டது. படகு உரிமையாளர் முழுவதும் ஒப்புக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன். ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற எங்களுக்கு யார் கடன் கொடுப்பது என்ற அவருடைய அடுத்த கேள்விக்கு அறையில் விடை இல்லை. ஆனாலும் கரையின் இரு பக்கமும் தமிழ் பேசும் மீனவர்கள் தங்கள் தங்கள் அரசிடம் நியாயம் கேட்கும்போது எழும் சிக்கலை இவ்வளவு நேர்மையாகப் பேசிய மேடையை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இலங்கைப் பகுதியில் எனக்கு உண்மையாகவே வருத்தம் தந்த குறை ஒன்று உண்டு. மலையகத் தமிழரின் வாக்குரிமை பறிக்கப்பட்ட வரலாற்றுக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கப்பலேறித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகள், 1947 தேர்தலில் வாக்களித்து ஏழு பிரதிநிதிகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். விடுதலை கிடைத்த 1948-ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அவர்களுடைய பிரதிநிதி ஒருவர்கூட இல்லை. 1964-இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேரை இலங்கை ஏற்பது, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்பது என்று மனிதர்களைக் கணக்குப் பார்த்துப் பிரித்தார்கள். அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இருக்கவில்லை. ஏனென்றால் அவர்களிடம் வாக்கு இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு நாடாளுமன்றம், பெரும்பான்மையை வைத்துக்கொண்டே தனக்கு எதிராக வாக்களிக்கக்கூடிய ஒரு மக்கள் தொகுதியை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கிவிட முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தெற்காசியாவில் இல்லை. தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள் வாழும் மாவட்டங்களில் நடக்கும் ஒரு வகுப்பு இதை விட்டுவிடக் கூடாது. கருத்துப் படிவத்தில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

வங்கதேசத்துக்கான வாரத்தை வழக்கறிஞரே முழுவதும் நடத்தினார். அந்த நாட்டின் கதையைக் காபந்து அரசு என்ற ஒரே ஏற்பாட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னது நல்ல உத்தி. ஆளும் கட்சி நடத்தும் தேர்தலை எதிர்க்கட்சி நம்பாது என்பதால், கட்சி சாராத ஓர் இடைக்கால அரசின் கீழ்த் தேர்தல் நடக்க வேண்டும் என்று 1996-இல் அரசமைப்பிலேயே எழுதினார்கள். அதற்காகத் தெருவில் இறங்கிப் போராடிய கட்சிகளில் ஷேக் ஹசீனாவின் அவாமி லீக் முன்னால் நின்றது. அதே அவாமி லீக் ஆட்சியில், 2011-இன் 15-ஆவது திருத்தம் அந்த ஏற்பாட்டை நீக்கியது. விளைவு 2014 தேர்தலில் தெரிந்தது: 300 இடங்களில் 153 போட்டியின்றி முடிவாயின, பாதிக்கு மேற்பட்ட தொகுதிகளில் வாக்காளருக்கு வேலையே இல்லாமல் போனது. 2018-இலும் 2024 ஜனவரியிலும் நடந்த தேர்தல்களும் நம்பிக்கையை மீட்கவில்லை. தேர்தலில் சொல்ல முடியாததைத் தெருவில்தான் சொல்ல முடியும் என்ற நிலை வந்த பிறகு, 2024 ஜூலையில் அரசு வேலை ஒதுக்கீட்டை எதிர்த்துத் தொடங்கிய மாணவர் போராட்டம், ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஹசீனா நாட்டைவிட்டு வெளியேறியதில் போய் முடிந்தது. அந்த வாரங்களில் 1,400 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. உயிரிழந்தவர்களில் பெரும்பாலோர் இங்கே நம் எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் வயதினர் என்று வழக்கறிஞர் சொன்னபோது அவர் குரல் தழுதழுத்தது.

அந்த வகுப்பில் நான் மதித்த இன்னொன்று, ஹசீனாவுக்குப் பிறகு வந்த முகமது யூனுஸின் இடைக்கால அரசையும் அதே தராசில் வைத்தது. 2025 மே மாதத்தில் அவாமி லீக்கின் செயல்பாடுகள் தடை செய்யப்பட்டதை எடுத்துக்கொண்டு, குற்றம் செய்தவர்களை நீதிமன்றத்தில் நிறுத்துவது வேறு, லட்சக்கணக்கானோர் வாக்களித்துவந்த ஒரு கட்சியைத் தேர்தல் களத்திலிருந்தே அகற்றுவது வேறு என்று வழக்கறிஞர் பிரித்துக் காட்டினார். மாணவர்களில் சிலர் இதைக் கடுமையாக மறுத்தார்கள். கொடுங்கோன்மை செய்த கட்சிக்கு ஏன் மீண்டும் வாய்ப்பு என்று கேட்டார்கள். விவாதம் ஏழரையைத் தாண்டிப் போனது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்கள்கூட எழுந்திருக்கவில்லை. எனக்கு வழக்கறிஞரின் பக்கமே நியாயமாகப் படுகிறது.

நேபாளத்தை நேற்று நடந்ததிலிருந்து பின்னோக்கிச் சொன்னார்கள். 2025 செப்டம்பர் 4-ஆம் தேதி 26 சமூக ஊடகத் தளங்களுக்குத் தடை. 8-ஆம் தேதி காத்மாண்டுவில் இளைஞர்கள் திரண்டபோது துப்பாக்கிச் சூடு, ஒரே நாளில் 19 பேர் இறப்பு. 9-ஆம் தேதி பிரதமர் கே.பி. சர்மா ஒலி பதவி விலகல், நாடாளுமன்றக் கட்டடம் தீக்கிரை. 12-ஆம் தேதி முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமர். 2026 மார்ச் 5-க்குத் தேர்தல் அறிவிப்பு. இவ்வளவும் பத்து நாட்களுக்குள். இதைக் கேட்ட இளைஞர்கள் கண்ணில் ஒரு பரவசம் தெரிந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. பேராசிரியர் அதைக் குலைக்காமல், 2008-இல் முடியாட்சி ஒழிந்த பிறகு அந்த நாடு ஒரு டசனுக்கும் மேற்பட்ட அரசுகளைப் பார்த்தது என்பதையும், 2015 அக்டோபரிலிருந்து பிரசண்டா, ஒலி, தேவுபா என்ற மூவருக்குள்ளேயே பிரதமர் நாற்காலி மாறி மாறிச் சுற்றியதையும் காட்டினார். அங்கே தேர்தல் ஒழுங்காகத்தான் நடந்தது; ஆனால் யாருக்கு வாக்களித்தாலும் அதே மூவர் கூடிப் பேசி ஆட்சியைப் பங்கிட்டார்கள். தேர்தல் தேதியைப் பாருங்கள் என்ற தன் முதல் நாள் விதிக்கு நேபாளம் விலக்கு என்று அவரே எடுத்துச் சொன்னது அவர்மேல் எனக்கு இருந்த மதிப்பைக் கூட்டியது. அந்த நெருக்கடியில் இராணுவம் தெருவுக்கு வந்தும் ஆட்சியை எடுத்துக்கொள்ளவில்லை என்பதே நேபாளத்தைப் பற்றி நம்பிக்கை கொள்ளப் போதுமான காரணம் என்பது அவருடைய முடிவு.

பாகிஸ்தான் வகுப்பு ஏமாற்றம். 1958-இல் அயூப் கான், 1977-இல் ஜியா உல் ஹக், 1999-இல் முஷாரப் என்ற வழக்கமான வரிசையிலேயே நேரத்தின் பெரும்பகுதி போய்விட்டது. எந்தப் பிரதமரும் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முழுமையாக முடித்ததில்லை என்ற செய்தி முக்கியமானதுதான். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்தது. 2024 பிப்ரவரித் தேர்தலுக்கு முன் இம்ரான் கானின் கட்சிக்கு மட்டைச் சின்னம் மறுக்கப்பட்டதும், அப்படியும் அக்கட்சி ஆதரித்த சுயேச்சைகள் மற்ற எந்தக் கட்சியையும்விட அதிக இடங்களை வென்றதும் அவசர அவசரமாகச் சொல்லப்பட்டன. சின்னம் என்றால் என்ன என்று தமிழ்நாட்டு வாக்காளருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூடச் சின்னத்தைப் பார்த்துத்தான் வாக்களிக்கிறாள். அந்த இடத்தில் நின்று பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் பாகிஸ்தானின் நிலை முழுவதும் புரிந்திருக்கும். 2025 நவம்பரில் நிறைவேறிய 27-ஆவது திருத்தம் தரைப்படைத் தலைவருக்கே முப்படைகளின் மேலான பதவியையும், பீல்டு மார்ஷலுக்கு வாழ்நாள் பாதுகாப்பையும் தந்தது; இந்த வகுப்பின் அணுகுமுறைக்கு அதைவிடப் பொருத்தமான பாடம் கிடைக்காது. அதற்கும் இரண்டு வரிதான்.

மியான்மரை மாலைதீவு, பூட்டானோடு சேர்த்து ஒரே மாலையில் முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. 2008 அரசமைப்பின் அமைப்பை மட்டும் தெளிவாகச் சொன்னார்கள்: நாடாளுமன்றத்தின் கால் பங்கு இடங்கள் இராணுவத்துக்கு, அரசமைப்பைத் திருத்த முக்கால் பங்குக்கு மேல் ஆதரவு தேவை, ஆகவே இராணுவம் சம்மதிக்காமல் எதையும் மாற்ற முடியாது. அந்தப் பூட்டுக்குள்ளேயே ஆங் சான் சூகியின் கட்சி 2015-இலும் 2020-இலும் பெருவெற்றி பெற்றது. 2021 பிப்ரவரி 1-ஆம் தேதி புதிய நாடாளுமன்றம் கூடவிருந்த காலையில் தளபதி மின் ஆங் லைங் ஆட்சியைக் கைப்பற்றினார். இவ்வளவோடு நிறுத்திவிட்டார்கள். ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களுக்கும் நம் ஊர்களுக்கும் இருந்த உறவு, 1962-இல் நே வின் ஆட்சியைப் பிடித்த பிறகு கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையாகி லட்சக்கணக்கான இந்திய வம்சாவளியினர் வெறுங்கையோடு திரும்பியது, ரோஹிங்கியா மக்களின் குடியுரிமை 1982 சட்டத்தால் பறிபோனது ஆகிய எதையும் தொடவில்லை. மலையகத் தமிழரைப் பற்றி நான் மேலே எழுதியதோடு ரோஹிங்கியாக்களின் கதையைப் பக்கத்தில் வைத்துப் பாடம் நடத்தியிருந்தால், குடியுரிமைச் சட்டம் எப்படி எதேச்சாதிகாரத்தின் கருவியாகிறது என்பதற்குத் தனியாக ஒரு வாரமே தேவைப்பட்டிருக்கும்.

பூட்டானில் அரசரே முன்வந்து 2008-இல் தேர்தலைக் கொண்டுவந்ததைப் புகழ்ந்தவர்கள், 1990-களில் அங்கிருந்து ஏறத்தாழ ஒரு லட்சம் நேபாளி மொழி பேசுவோர் வெளியேற்றப்பட்டதையும் சேர்த்தே சொன்னது நேர்மை. மாலைதீவில் முப்பதாண்டு ஆண்ட கயூமை 2008-இல் நஷீத் தேர்தலில் தோற்கடித்தது, 2012-இல் அவர் பதவி இழந்தது, 2018-இல் நெருக்கடி நிலையை அறிவித்த யாமீனை அதே ஆண்டு வாக்காளர்கள் வீட்டுக்கு அனுப்பியது என்று சுருக்கமாகவும் போதுமானதாகவும் இருந்தது.

கடைசி வாரத்துக்கு நாங்கள் யாரும் எதிர்பாராத ஒரு தலைப்பை வைத்திருந்தார்கள்: இந்தியா. அண்டை நாட்டுக்காரன் நம்மை எப்படிப் படிப்பான் என்ற கேள்வியோடு பேராசிரியர் தொடங்கினார். 1975 ஜூன் 25 நெருக்கடி நிலை, 1976 ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டின் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது, அதே ஆண்டின் 42-ஆவது திருத்தம் மக்களவையின் காலத்தை ஐந்திலிருந்து ஆறு ஆண்டாக்கியது, 1978-இன் 44-ஆவது திருத்தம் அதை மீண்டும் ஐந்தாக்கியது என்று அதே முறையில் பலகையில் எழுதினார். பிறகு நம் ஊருக்கே வந்தார். தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தும் பெரும்பாலான மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது; அப்போது தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் டெல்டா மாவட்டங்கள் உட்பட ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். "யாழ்ப்பாணத்துல மாகாண சபைத் தேர்தல் நடக்கலேன்னு நாம கோபப்பட்டோம், நம்ம ஊர் வாய்க்கால் தூர்வாரினதுக்கு யாரைக் கேக்கிறதுன்னு இப்ப சொல்லுங்க" என்று அவர் கேட்டபோது, மகளிர் குழுத் தலைவி ஒருவர், "தனி அலுவலரை நாங்க இதுவரை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல ஐயா" என்றார். அடுத்த அரை மணி நேரம் அவருடைய ஊரில் தெருவிளக்கு எரியாததும், கிராம சபையில் எழுதிய தீர்மானம் எங்கே போனது என்று தெரியாததும் பேசப்பட்டன. தெற்காசிய அரசியல் வகுப்பில் தெருவிளக்கு எதற்கு என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள். எனக்கு அந்த அரை மணி நேரம் மிகவும் பிடித்திருந்தது.

நடைமுறைக் குறைகள் சில உண்டு. குறிப்பேட்டில் எழுத்துப் பிழைகள் அதிகம்; மியான்மர் பக்கத்தில் இரண்டு ஆண்டுகள் தவறாக அச்சாகி, கையால் திருத்தித் தந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாததால் பின்வரிசைக்குப் பேராசிரியரின் மெல்லிய குரல் எட்டுவதில்லை. முன்னதாகவே போய் முன் இருக்கைகளைப் பிடிப்பது நல்லது. வகுப்பைத் தவறவிட்டால் பதிவு எதுவும் கிடைக்காது. மாடிப்படி செங்குத்தாக இருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறச் சிரமப்படுவார்கள். பாடம் நடத்துபவர்களில் ஒரு பெண்கூட இல்லை என்பதை, ஹசீனா, காலிதா ஜியா, சிறிமாவோ, பேநசீர், சூகி என்று பெண் தலைவர்களால் நிறைந்த ஒரு பாடத்தில் கூடுதலாக உணர்ந்தேன். பொருளாதாரத்துக்கு எங்குமே இடமில்லை என்பது இவற்றைவிடப் பெரிய குறை. 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதையும், ஒரே இரவில் இரசாயன உரத்தைத் தடை செய்த 2021 முடிவு நெல் விளைச்சலை என்ன செய்தது என்பதையும் குறுவை, சம்பா என்று மூச்சுவிடும் மக்களிடம் பேசாமல் விட்டது வீணான வாய்ப்பு.

தேர்வுக்குக் குறிப்பெடுக்க மட்டும் வருபவர்களுக்கு இந்த வகுப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு வேண்டிய வேகம் இங்கே இல்லை. செய்தித்தாளில் டாக்கா, கொழும்பு, காத்மாண்டு என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்ப மனமில்லாதவர்கள் தயங்காமல் சேரலாம். அடுத்த சுற்று தை மாதத்துக்குப் பின், அறுவடை வேலைகள் ஓய்ந்ததும் தொடங்கும் என்றும், மியான்மருக்குத் தனி வாரம் ஒதுக்குவதைப் பற்றி யோசிப்பதாகவும் சொன்னார்கள். முழுத் தொகையைக் கட்டாமல் இலங்கைக்கும் வங்கதேசத்துக்குமான மூன்று வாரங்களுக்கு மட்டும் 600 ரூபாய் கட்டிச் சேரும் வசதியும் இருக்கிறது; நேரம் குறைவாக உள்ளவர்கள் அதையே எடுத்துக்கொள்ளலாம்.